பெற்றோருடன் பேச வழி செய்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நம்பிப் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் பயில்கிறார்கள். பிள்ளைகள் சில மாதங்களிலேயே தமிழ் பேசிவிடுகிறார்கள். பெற்றோருடன் பேசத்தான் எங்களுக்கு வழியில்லாமல் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்; அவர்களோ கூட்டத்திற்கு வந்து, கையெழுத்திட்டு, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போவார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்னால், அவனைப் பற்றிய குறை மட்டும் தாயின் காதுக்குப் போய்ச் சேராது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

குரல் மொழிபெயர்ப்புச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றித் தந்து, நான்கு மாலைகள் உடனிருந்து பழக்கிய எங்கள் முன்னாள் மாணவருக்கு முதல் நன்றி. பேச்சை எழுத்தாக்கி, அதை மொழிபெயர்த்து, மீண்டும் குரலாக்குவதுதான் அதன் வேலை என்பதால் முதல் படி தவறினால் எல்லாமே தவறும் என்று அவர் விளக்கிய பிறகே, கொங்குத் தமிழைச் சற்று ஒதுக்கிவைத்து, பாடநூல் நடையில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசக் கற்றோம். (வீட்டிலும் அப்படியே பேசுகிறேன் என்று என் கணவர் கேலி செய்கிறார்.)

எதிரே உள்ள டீக்கடையில் வேலை செய்யும் பீகார்த் தம்பிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. தீபாவளி முடிந்த சில நாட்களில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் வாசலில் நின்று அவசரமாக இரண்டே சொற்கள் கூற, “நேற்று ஊர்” என்றது கைப்பேசி. ஊருக்குப் போய்வந்திருப்பார் என்று நினைத்துத் தலையசைத்து அனுப்பினோம். மறுநாள் முதல் பத்து நாட்கள் சிறுமியைக் காணவில்லை. திரையில் நின்றிருந்த இந்தி எழுத்துகளைப் படித்துப் பார்த்த தம்பிதான், ‘கல்’ என்ற இந்திச் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும், வினைச்சொல் வந்தால்தான் எதுவென்று தெரியும் என்றும், தீபாவளியை அடுத்து பீகார் மக்கள் சூரியனை வழிபடும் சட் பூஜைக்கு அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்றும் விளக்கினார்.

கூட்ட நாளில் ஷிப்ட் நடுவே ஒரு மணி நேரம் பெற்றோரைக் கூலி பிடிக்காமல் அனுப்பிவைத்த சூப்பர்வைசர்களுக்கும் நன்றி. பிள்ளையின் நோய், குடும்பச் சச்சரவு போன்றவற்றைக் கருவியிடம் ஒப்படைப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தபோது, இந்திப் பிரச்சார சபைத் தேர்வுகளுக்கு மாணவரைத் தயார்செய்யும் அம்மையார் ஒருவர், அழைத்தபோதெல்லாம் நேரில் வந்து, கேட்டதை வெளியே சொல்லாமல் காத்தார்.

நிறைவாக, எங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொண்ட பெற்றோருக்கு நன்றி. அந்தத் தாய் இப்போதெல்லாம் ‘கல்’ என்று சொல்லுமுன், அலுவலறைச் சுவரிலுள்ள காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பேசுகிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி, திருப்பூர்