சஞ்சய் சாருக்கு, செம்பொன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சஞ்சய் சுப்ரமண்யன் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் உங்கள் கர்நாடக சங்கீதக் கச்சேரியை நேரில் கேட்டேன். உங்களை நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து மனசுக்குள் கிடப்பதை எழுதி விடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் மாயவரம் பக்கம், ஆக்கூர்க்காரன். பிழைப்புக்காக வளைகுடா போனவன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில்தான் ஊருக்கு வர முடியும். மார்கழிக்கு லீவு கேட்டால் கிடைக்காது. அதனால் எனக்கு உங்கள் பாட்டு என்றால் சார்சூர் கம்பெனி வெளியிட்ட டிசம்பர் சீசன் சிடிகள், பிற்பாடு யூடியூப், அவ்வளவுதான். விடியற்காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். சுற்றிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவார்கள், நீங்கள் பேகடா ராகம் பாடிக்கொண்டிருப்பீர்கள். 2015-ம் ஆண்டுக்கான மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது உங்களுக்கு என்ற செய்தியை நான் அங்கே ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். சேர்ந்து சந்தோஷப்பட ஆள் இல்லை. அறையில் இருந்த மலையாளி நண்பருக்கு உங்கள் காபி ராகத்தைப் போட்டுக் காட்டினேன்.

இப்படி வருஷக்கணக்கில் கேட்டதில், ஒரே வரியை மாற்றி மாற்றி நீங்கள் பாடும் சங்கதிகள் பல எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் இருமுவீர்கள் என்பது வரை தெரியும். நேரில் கேட்டபோது, தெரிந்த பாட்டுக்குள் தெரியாத ஒன்று வெளியே வந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செம்பொன்னார்கோயில் எஸ்.ஆர்.டி. வைத்தியநாதன் அவர்களிடம் படித்தவர் என்பதை முன்பே படித்திருக்கிறேன். வாய்ப்பாட்டுக்காரர் நாகஸ்வர வித்வானிடம் போய்ப் படிப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பெரிய இடத்துப் பாடாந்தரம், அபூர்வமான உருப்படிகள் கிடைத்திருக்கும் என்று மட்டும் நினைத்தேன். ரக்தி என்று நாகஸ்வரத்துக்கே உரிய வாசிப்பில் பேர் போன குடும்பம் அது. செம்பொன்னார்கோயில், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போகிற ரோட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ராகத்தின் பேரைத் தெரிந்துகொண்டு கேட்டவர்கள் இல்லை. சாமி புறப்பாட்டில் முன்னால் மேளம் போகும், பின்னால் நாங்கள் போவோம். வீதி முக்கில் சாமியை நிறுத்திவிட்டு நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால் நேரம் போவது யாருக்கும் தெரியாது. ஒரே ஸ்வரத்தில் மூச்சு முட்ட நிற்பார். கூடவே ஸ்ருதிக்கு ஊதுகிற ஒத்து இரைந்துகொண்டிருக்கும். தவில்காரர் குச்சியைத் தவில் மேலேயே வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவார்.

அன்றைக்கு நீங்கள் கரகரப்ரியாவை எடுத்துக்கொண்டீர்கள். 'ரி' என்கிற ரிஷப ஸ்வரத்தில் வந்து நின்றீர்கள். ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கிற கார்வை என்றால் நீங்கள் கொடுத்ததுதான் கார்வை. குரல் முதலில் மெல்லிசாக இருந்தது, பக்கத்தில் இருந்தவர் பையைப் பிரிக்கிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்டது. அப்புறம் அதே ரிஷபம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு, மன்றத்தின் கடைசி வரிசை வரைக்கும் நிறைந்து, எங்கே முடியும் என்று தெரியாமல் நின்றது. எங்கள் வீதி முக்கு நாயனம்தான் அது! காதில் மாட்டிக் கேட்கும்போது இது தெரிய வழியே இல்லை. போனில் கம்மியாகப் பாடுவதும் ஓங்கிப் பாடுவதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்து சேருகிறது. கார்வை நீளம் என்பது மட்டும் தெரியும், அதற்குள்ளே குரல் எப்படி வளர்கிறது என்பது போய்விடுகிறது. உங்கள் கரகரப்ரியாவை எத்தனையோ தடவை கேட்ட எனக்கு அதில் பாதி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. வீடியோவில் கேமரா உங்களை விட்டு நகராது. நேரில் என் இஷ்டத்துக்குப் பார்க்க முடிந்தது. நீங்கள் பாடும்போது நான் பெரும்பாலும் வயலின் வரதராஜன் சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் ஒரு பிடியை, ராகத்தின் ஒரு சின்னத் துண்டை, முடிக்கும் முன்பே அவருடைய இடது கை தந்தியில் அந்த இடத்துக்குப் போய்க் காத்திருந்தது. கரகரப்ரியாவில் கீழே ச ரி க ம என்று போகிற அமைப்புதான் மேலே ப த நி ச என்று வரும். நீங்கள் கீழ்ப் பாதியில் வைத்த ஒரு பிடியை அவர் மேல் பாதிக்கு மாற்றி வாசித்துவிட்டு நிறுத்தினார். நீங்கள் சட்டென்று திரும்பிப் பார்த்து, தொடையில் தட்டி, வாய் விட்டு "பலே" என்றீர்கள். பிறகு அவர் வாசித்ததிலிருந்தே அடுத்ததை எடுத்தீர்கள். சின்ன வயதில் வயலின் படித்த கை உங்களுடையது. வில் எங்கே திரும்பும் என்று உங்களுக்குத் தெரிகிறது, அதற்கு இடம் விட்டுப் பாடுகிறீர்கள். சிடியில் கேட்டபோதெல்லாம் அந்த இடைவெளிகளை நீங்கள் மூச்சு வாங்கும் இடம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பல்லவியில் நெய்வேலி வெங்கடேஷ் சார் மிருதங்கம் வாசித்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எனக்குக் கணக்கு வராது, கையில் தாளம் தவறாமல் போட்டுக்கொண்டு வருவேன், அவ்வளவுதான். ஆனாலும் எடுப்பு, அதாவது பல்லவி தொடங்குகிற இடம், வந்து விழும்போது முன்வரிசை முழுக்க ஒரே சமயத்தில் கை தட்டிய சத்தம் இருக்கிறதே, அதில் நானும் சேர்ந்துகொண்டேன். முன்னே பின்னே தெரியாத மனுஷர்களோடு சேர்ந்து ஒரே இடத்தில் கை விழுவது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று தனியாகக் கேட்டே பழகிய எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆரம்பித்ததும் கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லத் தோன்றியது. நீங்கள் மட்டும் கச்சேரியின் மற்ற நேரத்தில் எப்படி இருந்தீர்களோ அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து, தாளத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கோர்வைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு ஒரு நமஸ்காரம்.

அந்த மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் கடைசி ஓரத்தில்தான் இடம் என்று இருந்த காலத்தில், அது மாற வேண்டும் என்று 1943-ல் ஆரம்பித்தது தமிழ் இசைச் சங்கம். அந்தச் சங்கத்தின் மன்றம்தான் இது. அங்கே வர்ணம் தொடங்கி மங்களம் வரை தமிழ். எந்த மேடையில் பாடினாலும் தமிழ் உருப்படிகளைக் கனமாக எடுத்துப் பாடுகிறவர் நீங்கள். கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கிருதி செய்து வைத்தார் என்பதே எனக்கு உங்கள் வழியாகத்தான் தெரியும். கடைசியில் தாளம் இல்லாமல் செய்யுளை ராகத்தில் பாடுகிற விருத்தம் பாடினீர்கள். ராகம் மாறி மாறிப் போனாலும் ஒரு சொல்கூட நசுங்கவில்லை. எனக்கு இரண்டு சீட் தள்ளி இருந்த பெரியவர் ஒவ்வொரு வரியையும் உங்களுக்கு முன்னாலேயே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். பாஷை தெரிந்து கேட்பது வேறு சுகம். அதை யாரோடும் விவாதிக்க எனக்கு இஷ்டம் இல்லை, எனக்கு அப்படித்தான்.

கச்சேரி முடிந்து மேடைப் பக்கம் கூட்டமாக நின்றது. நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை, கிளம்பிவிட்டேன். நேரில் கேட்க நினைத்ததை இங்கே கேட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு தடவை வந்து பாடுங்கள். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் இருந்த சீர்காழி பக்கத்தில்தான் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் நடமாடிய ஊர் மாயவரம். வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக உட்கார்ந்து தீர்ப்பு எழுதியதும் அங்கேதான். இவர்கள் பாட்டெல்லாம் உங்களிடம் இருக்கிறது. கேட்கிற ஜனம் சென்னை சபா ஜனம் மாதிரி ராகத்தின் பேர் சொல்லாது, ஆனால் நாயனம் கேட்டு வளர்ந்த காது. ரிஷபத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. முடிந்தால் மைக் சத்தத்தைக் கம்மியாக வைத்து, கோயில் மண்டபம் மாதிரி ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் குரலுக்கு அது போதும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். மார்கழியில் உங்களுக்கு ஒழியாது. தை, மாசி என்றால் அறுப்பு முடிந்து ஜனம் கையில் காசோடும் ஓய்வோடும் இருக்கும். நான் இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தேதி மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆக்கூரிலிருந்து உங்கள் ரசிகன்