நெல்லை – தென்காசி தடத்துக்கு எந்த ரயில்?

ஆசிரியருக்கு,

நெல்லை – தென்காசி பாதையில் கூடுதல் பயணிகள் ரயில் கேட்டு மக்கள் கோரிக்கை வைத்திருப்பதாக உங்கள் நாளிதழில் படித்தேன். கோரிக்கை நியாயம்தான், ஆனால் சிலர் கேட்கிற, டீசலில் ஓடும் டெமு ரயில் இப்போது நமக்கு எதற்கு? இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் செங்கோட்டையிலோ திருச்செந்தூரிலோ இன்ஜினைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை என்பது நல்ல வசதி, சரி. அதே வசதி மின்சாரத்தில் ஓடும் மெமு ரயிலிலும் உண்டே. டெமுவின் இழுவைப் பெட்டியில் டீசல் இன்ஜினும் ஜெனரேட்டரும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்கு இருக்கை குறையும். 2012-ல் அகலப்பாதையான இந்தத் தடம் இப்போது மின்மயமாகியும் விட்டது, மேலே கம்பி ஓடும்போது கீழே டீசல் எரிப்பானேன்!

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று அடுத்தடுத்து நிற்கிற பாதைக்கு, சட்டென்று வேகம் பிடிக்கிற, அகலமான கதவுள்ள வண்டிதான் பொருந்தும். காலை வண்டியில் கல்லூரிப் பிள்ளைகள் வாசலிலேயே நெருக்கி நிற்பதால் இறங்குகிறவர் இறங்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் காலையும் மாலையும் ஒரு மெமுவை, அலுவலக நேரத்துக்கு ஏற்றபடி, செங்கோட்டையிலிருந்து நெல்லைக்கு விட்டுப் பார்க்கட்டும்.

– ஒரு பயணி, கல்லிடைக்குறிச்சி