ஞாயிறு லினக்ஸ் கூடல்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, வழக்கமான நூலக மாடி. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸை முதல்முறை போடுபவர்களுக்கான நாள் இது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், "பழைய லேப்டாப்பை என்ன செய்ய?" என்று பலர் தனியே கேட்டீர்கள். தூக்கிப் போடாதீர்கள், கொண்டு வாருங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே போதும்.

வீட்டிலேயே முடிக்கவேண்டியது பேக்கப், அதாவது கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது. போன முறை ஒருவர் அவசரத்தில் வட்டை முழுக்க அழித்து நிறுவும் தெரிவை அழுத்திவிட்டார்; மகளின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் போச்சு. பக்கத்தில் இருக்கவேண்டிய நான் டீ குடிக்கப் போயிருந்தேன், தப்பு என் மேலும்தான். இந்த முறை அந்தத் திரை வந்ததும் கையை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வாருங்கள். விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

சார்ஜர் கட்டாயம். 8 ஜிபி பென்டிரைவ் இருந்தால் நல்லது. லினக்ஸை ஏற்றும்போது அதில் உள்ளது அழிந்துவிடும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் பார்ப்போம். பிடிக்காவிட்டால் நிறுவாமலே எடுத்துப் போகலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துத் தருகிறோம்.

உதவ வரும் பழையவர்களே, லேப்டாப்பைப் பிடுங்கி நீங்களே தட்டாதீர்கள். சொல்லுங்கள், அவர்கள் அழுத்தட்டும்.

வருபவர்கள் லேப்டாப் மாடலை வெள்ளிக்குள் இங்கே போடுங்கள்.