தேர்தல் நாளில் வந்த படகுச் செய்தி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவுஸ்திரேலிய ஊடகங்களின் கட்சிச் சார்பு பற்றித் தாங்கள் சென்ற இதழில் எழுதிய தலையங்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். எல்லாப் பத்திரிகைகளும் ஏதோ ஒரு கட்சிக்குக் கொடி பிடிக்கத்தான் செய்யும் என்றும், உண்மையைப் பிரித்தறிவது வாசகரின் பொறுப்பு என்றும் அதில் முடித்திருந்தீர்கள். முதற்பகுதி சரி. இரண்டாவது பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்து வாக்களித்து வருபவன் என்ற முறையில் அதற்கான காரணத்தை எழுதுகிறேன்.

2022 மே 21, சனிக்கிழமை. சிட்னியின் மேற்குப் புறத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தின் வெளியே வாக்களிக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால், எங்கள் பகுதியில் எல்லோரும் அறிந்த, எண்பதை நெருங்கிய ஐயா ஒருவர் நின்றார். வாசலில் கட்சிக்காரர்கள் நீட்டிய தாள்கள் நான்கும் அவர் கையில் இருந்தன. எதையும் வாசிக்காமல் அவற்றைச் சிறிதாக மடித்துக்கொண்டே இருந்தார். “தம்பி, திரும்பவும் சிலோனிலயிருந்து படகொண்டு வந்து பிடிபட்டிட்டுதாம். றேடியோவில சொல்லுறான்கள். இனி எங்களைத்தான் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்ப்பினம்” என்று தணிந்த குரலில் சொன்னார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இந்நாட்டுக்கு வந்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட மனிதர் அவர். அன்று அவர் முகத்தில் கண்ட கூச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் செய்தி எப்படி வெளிவந்தது என்பது சில வாரங்களில் தெரியவந்தது. ஆட்சி மாறிய பின் உள்துறைத் திணைக்களத்தின் செயலாளர் மைக்கல் பெசுல்லோ தயாரித்த அறிக்கையின்படி, கடலில் அந்த நடவடிக்கை முடிவதற்கு முன்பே அறிவித்தலை வெளியிடும்படி அமைச்சரின் அலுவலகத்திலிருந்து அதிகாரிகளுக்கு அழுத்தம் வந்தது. தெரிந்தெடுத்த ஊடகவியலாளர்களுக்கு அதை அனுப்பும்படியும் கேட்கப்பட்டது. அப்படித் தனியே அனுப்ப மட்டும் அதிகாரிகள் இணங்கவில்லை. அறிவித்தல் அன்றே இணையத்தில் ஏறியது. பிரதமர் ஸ்கொட் மொரிசன் ஊடகச் சந்திப்பில் அதைப் பற்றிப் பேசினார். எல்லைகளைக் காக்க லிபரல் கட்சிக்கு வாக்களியுங்கள் என்ற குறுஞ்செய்தி, போட்டி கடுமையாக இருந்த தொகுதிகளின் வாக்காளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படகு வந்தது பொய்யல்ல. இலங்கையிலிருந்து ஒரு படகு உண்மையாகவே வந்தது, உண்மையாகவே மறிக்கப்பட்டது. வழக்கத்துக்கு மாறாக அது வெளியிடப்பட்ட நேரமும் நோக்கமுமே பிழை. வரிசையில் நின்ற ஐயா இதை எப்படிப் பிரித்தறிந்திருக்க முடியும்? வானொலி சொன்னதை அவர் நம்பினார். வானொலி சொன்னதும் சரிதான். அரசாங்கத்துக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அரசாங்கமே ஒரு கட்சியின் தேவைக்காக வெளியே விடும்போது, வாசகர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் பயனில்லை.

2001 இல் நடந்ததோ இதைவிடப் பாரதூரமானது. அந்த ஆண்டு ஒக்டோபர் 7 ஆம் திகதி, கடலில் மறிக்கப்பட்ட அகதிப் படகொன்றிலிருந்து பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் எறிந்ததாக அமைச்சர் பிலிப் ரடொக் ஊடகங்களிடம் கூறினார். மூன்று நாள்களில் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் ரீத் அதற்குச் சான்றென்று படங்களை வெளியிட்டார். அந்தப் படங்கள் ஒக்டோபர் 8 ஆம் திகதி படகு மூழ்கியபோது, தண்ணீரில் தத்தளித்தவர்களை ‘அடிலெயிட்’ போர்க்கப்பலின் மாலுமிகள் காப்பாற்றுகையில் எடுக்கப்பட்டவை. உயிரைக் காத்த காட்சியே பிள்ளையை எறிந்த காட்சியாக மக்கள் முன் வைக்கப்பட்டது. கடற்படைக்குள் உண்மை தெரிந்திருந்தும், நவம்பர் 10 ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை அரசாங்கம் தான் கூறியதைத் திருத்தவில்லை. எந்தப் பிள்ளையும் கடலில் எறியப்படவில்லை என்று செனற் சபைக் குழு அறிக்கையிட்டபோது 2002 ஒக்டோபர் ஆகிவிட்டது. தேர்தல் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம்.

லிபரல் கட்சியை மட்டும் குறை சொல்வதாக யாரும் எண்ணக்கூடாது. 2016 தேர்தல் நாளன்று, லிபரல் பிரதமர் டேர்ன்புல் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரைத் தனியாருக்குக் கொடுக்கப்போகிறார் என்ற குறுஞ்செய்தியைக் குயின்ஸ்லாந்துத் தொழிற்கட்சி அனுப்பியது. அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘மெடிகெயார்’ என்றே இருந்தது. மாதம் தவறாமல் வைத்தியரிடம் போகும் முதியவர்களை இது எப்படிக் கலங்க வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2019 இல் காற்று எதிர்ப்புறமாக வீசியது. தொழிற்கட்சி வந்தால் இறந்தவர் சொத்துக்கு வரி போடும் என்ற கதை முகநூல் எங்கும் பரவியது. அக்கட்சியின் கொள்கையில் அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

ஒரு கடைக்காரர் சீனிப்பாகைப் போத்தலில் அடைத்துத் தேன் என்று விற்றால் இந்நாட்டின் நுகர்வோர் சட்டம் அவரைத் தண்டிக்கும். அதே சட்டம் கட்சிகளின் தேர்தல் விளம்பரத்தைத் தொடுவதில்லை. மத்திய தேர்தல் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு எதிரான பிரிவு 1983 இல் சேர்க்கப்பட்டு, ஒரு தேர்தலிலும் பயன்படாமலே அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது. கருத்துச் சுதந்திரம் பறிபோகும், நீதிமன்றங்கள் அரசியல் மேடையாகும் என்ற அச்சம் இன்றுவரை சொல்லப்படுகிறது. தெற்கு அவுஸ்திரேலியாவைப் பார்த்தால் அந்த அச்சம் நிற்காது. அங்கே 1985 ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்திலேயே இதற்குத் தனிப் பிரிவு உண்டு. ஒரு விடயத்தை உண்மைத் தகவல் என்று காட்டி, அது முக்கியமான அளவில் தவறாகவும் மக்களை ஏமாற்றுவதாகவும் இருந்தால், விளம்பரத்தை மீளப் பெறும்படியும் திருத்தம் வெளியிடும்படியும் தேர்தல் ஆணையாளர் கேட்கலாம். கருத்தை அந்தப் பிரிவு தொடாது. ‘இந்த அரசாங்கம் கேடுகெட்டது’ என்று எவரும் எழுதலாம். ‘இந்த அரசாங்கம் இன்ன மருத்துவமனையை மூடியது’ என்று எழுதினால் அது உண்மையாக இருக்கவேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்த மாநிலத்தில் அரசியல்வாதிகள் வாயடைத்துப் போகவில்லை. தலைநகர்ப் பிரதேசமும் 2021 முதல் இத்தகைய சட்டத்தை வைத்திருக்கிறது. மத்திய பாராளுமன்றத்தில் 2024 நவம்பரில் கொண்டுவரப்பட்ட சட்டமூலமோ நிறைவேறாமலே 2025 தேர்தலோடு காலாவதியாயிற்று.

சட்டம் வந்தாலும் விளம்பரத்தை மட்டுமே அது பிடிக்கும். 2001 இல் அமைச்சர் கூறியதையோ 2022 இன் படகுச் செய்தியையோ அது தடுத்திருக்காது. அந்த இடத்தில் காவல் நிற்கவேண்டியவை பத்திரிகைகள். அந்தக் காவலை இந்நாட்டில் நம்பி இருக்க முடியாமல் இருப்பதுதான் என் மனக்குறை. பிரிஸ்பேன், அடிலெயிட், ஹோபார்ட், டார்வின் ஆகிய நான்கு நகரங்களிலும் உள்ளூர் அச்சு நாளிதழ் என்று இருப்பது மேடொக் குடும்பத்தின் நியூஸ் கோர்ப் நிறுவனத்தின் பத்திரிகை மட்டுமே. 2013 இல் தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுநாளே அந்நிறுவனத்தின் சிட்னி நாளிதழான ‘டெய்லி டெலிகிராப்’, ஆட்சியில் இருந்த தொழிற்கட்சியைக் குறித்து, இந்தக் கும்பலைத் துரத்த இப்போதாவது வாய்ப்பு வந்தது என்று முதற்பக்கத்தை நிறைத்துத் தலைப்பிட்டது. தலையங்கப் பக்கத்தில் அதை எழுத அவர்களுக்கு உரிமை உண்டு. செய்தி இருக்கவேண்டிய முதற்பக்கத்தில் அது வந்ததைத்தான் நான் ஏற்கவில்லை. 1975 டிசம்பரில் மேடொக்கின் ‘தி ஒஸ்திரேலியன்’ பத்திரிகையின் ஊடகவியலாளர்கள், செய்திகள் ஒருபக்கச் சார்பாகத் திரிக்கப்படுவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். முதலாளி சாயச் சொன்ன பக்கம் சாய மறுத்த எழுத்தாளர்கள் அந்நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார்கள்.

ஊடக உரிமையைப் பற்றி அரச விசாரணை வேண்டும் என்று முன்னாள் பிரதமர் கெவின் ரட் 2020 இல் தொடங்கிய மனுவில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். அப்படி ஒரு விசாரணை இன்னும் நடக்கவில்லை.

இனி நம்மைப் பற்றி. 2019 தேர்தலில் மெல்பேர்ணின் சிசம் தொகுதியில், தேர்தல் ஆணையத்தின் ஊதா வெள்ளை நிறங்களில் சீன மொழிச் சுவரொட்டிகள் தொங்கின. சரியான முறையில் வாக்களிப்பதென்றால் லிபரல் வேட்பாளருக்கு முதலிடம் தரவேண்டும் என்று அவை கூறின. அவை வாக்காளரை ஏமாற்றக்கூடியவை என்று நீதிமன்றம் கூறியது. ஆனாலும் தேர்தல் முடிவு செல்லுபடியாயிற்று. ஆங்கிலத்தில் துணிந்து செய்யாததைச் சீனத்தில் செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் வாசிக்கும் அயலவருக்கு அந்தச் சுவரொட்டி சொல்வது விளங்காது, ஆகவே தட்டிக் கேட்கவும் ஆள் இராது. தமிழிலும் இது நடக்கலாம். வட்ஸ்அப் குழுக்களில் வரும் தேர்தல் தகவல்களை நான் பார்த்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற விவரமே இருப்பதில்லை.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியைத் தமிழாக்கி வெளியிடும்போது, எந்தப் பத்திரிகையிலிருந்து எடுத்தது, அதில் அமைச்சர் கூறியது எது, நிருபர் தாமே உறுதிசெய்தது எது என்பதைச் செய்தியின் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள். அடுத்த மத்திய தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பிருந்து, வாசகர்களுக்குத் தமிழில் வந்துசேரும் தேர்தல் தகவல்களை வாங்கிச் சரிபார்த்து வெளியிட ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் வார இறுதிகளில் நான் வருகிறேன். ஐயாவும் தன் தொலைபேசிக்கு வருவதையெல்லாம் உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு சிட்னி