பழைய காரோடு வரும் இழுவைக் கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய கார் பகுதியை விடாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். ஒரே உரிமையாளர், டயர் புதிது, ஏசி நல்ல நிலையில் என்ற வழக்கமான வரிசையில் "டோ பார் உண்டு" என்பதும் ஒரு சிறப்பாகச் சேர்ந்துகொள்வதை அவ்வப்போது பார்க்கிறேன். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டி இழுப்பதற்காகப் பொருத்தப்படும் இரும்புக் கம்பியும் அதன் நுனியில் இருக்கும் குண்டும்தான் இந்த டோ பார். அத்தகைய கார் ஒன்றை வாங்கிச் செலவு செய்து தெரிந்துகொண்ட சிலவற்றை மற்ற வாசகர்களும், முடிந்தால் போக்குவரத்துத் துறையும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் கிரேன்களின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொக்கி, சங்கிலி, வெல்டிங் இவற்றோடு வாழ்நாளைக் கழித்தவன் இதில் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எட்டு ஆண்டுகள் ஓடியிருந்த ஏழு பேர் அமரும் டீசல் கார் ஒன்றை மாதவரம் பக்கத்து விற்பனையாளர் ஒருவரிடம் பார்த்தேன். "சார், இந்தக் கம்பிக்கே பதினைந்தாயிரம் ஆகியிருக்கும், உங்களுக்குச் சும்மா வருது. பின்னாடி எவன் வந்து இடிச்சாலும் சேதம் அவனுக்குத்தான்" என்றார் அவர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இருக்க முடியாது. கறுப்பு வண்ணம் பளபளக்க நின்ற கம்பியைக் கையால் தட்டிப் பார்த்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

சேதம் இடிப்பவனுக்குத்தான் என்ற பேச்சே எவ்வளவு தவறு என்பது ஏழு மாதத்தில் புரிந்தது. சுங்கச்சாவடி சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு சரக்கு ஆட்டோ பின்னால் வந்து மெல்ல முட்டியது. பம்பரில் கீறல்கூட இல்லை. ஓட்டுநரை நானே சமாதானப்படுத்தி அனுப்பினேன். சில வாரங்களில் பின்கதவு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மூட மறுத்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றியபோது, கம்பி வாங்கிய அடி நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போய், அதன் முனை வளைந்து, டிக்கியின் தரைத்தகடு மடிந்திருந்தது தெரிந்தது. பம்பரும் அதன் உள்ளே இருக்கும் உத்திரமும் தாங்கள் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை. அவற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான குண்டு அந்த வாய்ப்பையே பறித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கம்பியைப் பொருத்தியவர்கள் இடம் போதவில்லை என்று உள் உத்திரத்தின் ஒரு பகுதியை அறுத்தே எறிந்திருந்தார்கள்.

லிஃப்ட்டின் கீழே நின்று அன்று பார்த்தவற்றை வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். முறையாகத் தயாரிக்கப்பட்ட கம்பி சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதில் தயாரித்தவரின் பெயரும், தாங்கக்கூடிய எடையும் பொறித்த சிறு தகடு இருக்கும். என் வண்டியில் தகடு இல்லை. ஒரு பக்கம் இரண்டு போல்ட், மறுபக்கம் வெல்டிங். அந்த வெல்டிங்கும் எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்த பையன்கூடச் செய்யத் துணியாத வேலை. குண்டின் மேல் புதிதாகப் பூசிய வண்ணத்தைச் சுரண்டியபோது, அடியில் உலோகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அழகுக்காக மாட்டிய கம்பி அப்படித் தேயாது. எதையோ நெடுநாள் இழுத்திருக்கிறது. இடுக்குகளில் உப்பு பூத்த மணலும் இருந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும் துரு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் படகை இறக்கி ஏற்ற உப்புத்தண்ணீருக்குள் பின்சக்கரம் இறங்கி ஏறிய வண்டியின் துரு வேறு மாதிரி, உள்ளிருந்து ஏடு ஏடாக உரியும்.

பாரம் இழுத்த வண்டியில் முதலில் சாவது, என்ஜினின் விசையைக் கியருக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்து வண்டி பின்னால் உட்கார்ந்திருப்பதும், பின் டயர்கள் முன் டயர்களைவிட அதிகம் தேய்ந்திருப்பதும் கூடவே வரும் அடையாளங்கள். தானியங்கி கியர் உள்ள காரானால் கியர் எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் பார்க்கச் சொல்லவேண்டும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது பணத்துக்கு நல்லது.

வயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிரெய்லரின் விளக்குகளுக்கு மின்சாரம் தர, கம்பியின் அருகே ஏழு துளை கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதற்கெனத் தனி வயரும் ஃபியூஸும் போடுவது முறை. என் வண்டியிலோ பின்விளக்கு வயரை நடுவில் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். மழைக்காலத்தில் பிரேக் மிதித்தால் இன்டிகேட்டரும் சேர்ந்து எரிந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. புதிய கார்களில் தொல்லை வேறு விதம். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம் என்பதால், பிற்பாடு மாட்டிய கம்பியைத் தடை என்று எண்ணி, ரிவர்ஸ் கியர் போட்டவுடன் அது ஓயாமல் கத்தும். அந்தச் சத்தம் பொறுக்காமல் சென்சார் இணைப்பையே பிடுங்கிவிட்டு விற்பவர்களும் உண்டு. எனவே வாங்கும்போது ரிவர்ஸ் போட்டுப் பார்ப்பது அவசியம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது பலருக்கு நினைவிருக்கும். பின்பக்க இழுவைக் கம்பியும் அதே கணக்கில் வருமா என்று விவரம் தெரிந்த இருவரிடம் கேட்டேன். ஒருவர் உடனே கழற்றச் சொன்னார். மற்றவர் நம்பர் பிளேட்டை மறைக்காதவரை யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். வாங்குபவன் எதை நம்புவது?

கம்பி இருப்பதால் எதையும் மாட்டி இழுக்கலாம் என்ற எண்ணமும் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. டிரெய்லர் என்றாலே மணலி சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிதான் வடசென்னைக்காரர்களுக்கு நினைவு வரும் என்பதாலோ என்னவோ, காரின் பின்னால் போகும் சிறு வண்டியை யாரும் வாகனமாகவே எண்ணுவதில்லை. வலையும் படகு என்ஜினும் ஏற்றிப் போக ஒரு தள்ளுவண்டியை வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டிக்கொள்ளலாம் என்று என் தங்கை மகனே திட்டம் போட்டான். சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் காரின் பதிவெண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். மேலும், டிரெய்லர் இழுப்பதற்கு இந்தக் கார் உகந்ததல்ல என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும் கார்கள் பல. குண்டின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு: ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். டிரெய்லரின் முனையில் குண்டைக் கவ்வும் கொண்டி 50 மில்லிமீட்டருக்குச் செய்ததானால், இரண்டு அங்குலக் குண்டில் பூட்டு முழுதாக விழாது; இரண்டு அங்குலத்துக்குச் செய்ததானால், 50 மில்லிமீட்டர் குண்டில் தளர்ந்து ஆடும். கண்ணுக்குத் தெரியாத அந்த 0.8 மில்லிமீட்டர் எண்ணூர் விரைவுச்சாலையில் என்ன செய்யும் என்று அவனிடம் விளக்கியபின் திட்டத்தைக் கைவிட்டான்.

காப்பீட்டிலும் எனக்குப் பாடம் கிடைத்தது. பின்பகுதியைச் சரிசெய்யச் சேத இழப்பீடு கேட்டபோது, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் முதலில் கைகாட்டியது அந்தக் கம்பியைத்தான். பாலிசியில் அது எங்கும் குறிப்பிடப்படவில்லை என்பதால் கம்பியின் மதிப்பும், அதனால் ஏற்பட்டதாக அவர் கருதிய சேதமும் கழிக்கப்பட்டன. கையிலிருந்து 38,000 ரூபாய் போட்டேன். பாலிசியை 14 நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கவனமாக இருந்தவன், கூடுதலாகப் பொருத்தியிருந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று எண்ணவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

பிரிட்டனில், 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான பயணிகள் கார்களுக்கு, அந்தந்த மாடலுக்கெனச் சோதித்து ஒப்புதல் பெற்ற இழுவைக் கம்பியை மட்டுமே பொருத்தலாம் என்று விதி இருக்கிறது. அந்த அளவுக்கு உடனே போகச் சொல்லவில்லை. பெயர் மாற்றத்துக்கு நாம் கையெழுத்திடும் 29, 30 ஆகிய படிவங்களில், தயாரிப்பாளர் பொருத்தாத இழுவைக் கம்பியோ இரும்புத் தடுப்போ வாகனத்தில் இருக்கிறதா என்று விற்பவர் எழுதித் தர ஒரே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். பழைய வாகன விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதால், அவர்களிடமிருந்தாவது இதைக் கட்டாயமாகப் பெறுவது கடினமான காரியம் அல்ல. பின்பக்கக் கம்பி சட்டப்படி செல்லுமா, செல்லாதா என்பதையும் போக்குவரத்துத் துறை தமிழில், ஒரே பக்கத்தில், எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டவேண்டும்.

என் காரின் கம்பியைக் கழற்றி நான்கு மாதமாகிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நிறுத்திய கார்களுக்கு இடையே புகுந்து போகும் சனங்களில் எத்தனை பேர் முழங்காலுக்குக் கீழே அந்தக் குண்டில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டியிருப்பார்களோ தெரியாது. கழற்றிய இரும்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். சேசிஸில் வெல்டிங் இருந்த இடம் மட்டும் இன்னும் துரு எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.