டெஸ்டிங் மெஷினுக்கு காசு இருக்கு, டேபிளுக்கு இல்லையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உலோகக் குழாயில, அதாவது டியூப்ல, விரிசல் இருக்கான்னு பாக்குற புது டெஸ்டிங் மெஷின் வந்திருக்குன்னு பேப்பர்ல செய்தி வந்தா போட்டோல கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் மட்டும்தான் இருக்கு, டியூப்பை தூக்கி வைக்கிற இடம் கண்ணுலயே படுறதில்ல. திருச்சி பக்கம் டியூப் இன்ஸ்பெக்‌ஷன்லயே காலத்தை ஓட்டினவன் நான், அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

அந்த மெஷின் பண்ற எடி கரன்ட் டெஸ்டிங் ஒண்ணும் மாயமில்ல. ஏசி கரன்ட் ஓடுற காயிலுக்குள்ள டியூப்பை விட்டா உலோகத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகும், விரிசல் இருந்தா அது சுத்திப் போகும், உடனே சிக்னல் மாறும், மார்க்கர் அந்த இடத்துல பெயின்ட் அடிச்சிடும். பிரெஞ்சு விஞ்ஞானி பூக்கோ 1855லயே கண்டுபிடிச்ச சமாச்சாரம்தான் இது. ஆலைக்கு ஆகுற கருவியா மாத்தினதுல பெரிய பங்கு ஜெர்மனிக்காரர் ஃபோர்ஸ்டருக்கு, 1948ல ராய்ட்லிங்கன்ல கம்பெனியே ஆரம்பிச்சார்.

ஆனா டியூப் காயில் நடுவுல ஆடாம, ஒரே வேகத்துல போகணுமே. ஒரு நாள் எங்க ஷிஃப்ட்ல காலைலேர்ந்து மார்க்கர் பெயின்ட் அடிச்சு தள்ளுது, மெட்டீரியல் மோசம்னு சப்ளையரை திட்டாத ஆளில்ல, கடைசில மெஷினை சரிபாக்க வேணும்னே ஓட்டை போட்டு வச்சிருக்கிற ரெஃபரன்ஸ் டியூப்பை மூணு தடவை விட்டுப் பாத்தா மூணு தடவையும் வேற வேற சிக்னல். டியூப்பை அழுத்திப் பிடிச்சு தள்ளுற பின்ச் ரோலர்ல பேரிங் போயிருக்கு, டியூப் குதிச்சு குதிச்சு போயிருக்கு, அவ்ளோதான்! இன்னொண்ணு, கார்பன் ஸ்டீலுக்கு காந்தம் ஏத்தித்தான் டெஸ்ட் பண்ணுவோம், அதை சரியா இறக்காம அனுப்பினா வெல்டர்கிட்ட போனதும் ஆர்க் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடும், அவர் நம்மளைத்தான் திட்டுவார்.

உள்ள ஓட்டையில்லாத கெட்டி இரும்புத் தண்டு, அதான் பார், அதோட கதை இன்னும் மோசம். டி ஸ்கொயர் பை 162, அதாவது எம்எம்ல விட்டத்தை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், போட்டுப் பாருங்க, 50 எம்எம் ரவுண்ட் பார் 6 மீட்டர்னா 92 கிலோவுக்கு மேல. பண்டிலைக் கட்டியிருக்கிற கம்பியை வெட்டினதும் எல்லாம் ஒண்ணா உருளும். நான் இருந்த ஒரு சின்ன ஷாப்ல லட்சக்கணக்குல மெஷின் வாங்கிட்டு லோடிங் மட்டும் ரெண்டு பசங்க கையாலதான், அதுல ஒரு தம்பிக்கு ரெண்டு பாருக்கு நடுவுல விரல் நசுங்கி நகமே போயிடுச்சு. சாய்வு டேபிள், ஒவ்வொண்ணா எடுத்து விடுற ஆர்ம், நல்லதையும் கெட்டதையும் தனித்தனியா தள்ளுற கிக்கர், இதெல்லாம் என்னைக்கோ வந்தாச்சு. சரி, டெஸ்ட் முடிஞ்ச டியூப்பை இரும்புத் தொட்டில தடால்னு போட்டு கீறல் விழ வைக்கிறதை யார் டெஸ்ட் பண்றது?

சின்ன யூனிட்டுக்கு மெஷின் வாங்க மானியம், கடன்னு கொடுக்கிறவங்க லோடிங் டேபிளையும் சேத்தாதான் பணம்னு ஒரு வரி போடலாம். உங்க நிருபரும் அடுத்த தடவை போனா ஸ்க்ரீனை விட்டுட்டு லோடிங் பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருத்தன், துவாக்குடி