சர்க்கரை முகாம் நடத்துவோருக்கு: செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

ஊர்தோறும் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும் அரிமா, ரோட்டரி சங்கத்தாருக்கும் நற்பணி மன்றத்துத் தம்பிகளுக்கும் வணக்கம்.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அந்த மாதம் முழுக்க உங்கள் பந்தல்களுக்குக் குறைவிருக்காது. நல்ல காரியம்தான். சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவர் அங்கே தெரிந்துகொண்டால் பெரிய உபகாரம். ஆனால் உங்கள் வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் நிறைய நிற்பார்கள். அவர்கள் விரலில் குத்தி, 210 என்று சீட்டில் எழுதி, "ஸ்வீட்டைக் குறைங்க பெரியவரே" என்று அனுப்பிவிடுகிறீர்கள். காலையில் இட்லி சாப்பிட்டு வந்த நேரத்துக் கணக்கு அது. அவருடைய கண்ணும் சிறுநீரகமும் காலும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொன்னது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு பலருக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. விட்டுப்போவது, பின்விளைவு தொடங்கிவிட்டதா என்று தேடிப் பார்க்கிற வேலை. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான், அதனால் காலில் இருந்தே தொடங்குகிறேன். சர்க்கரை நீண்ட நரம்புகளை முதலில் கெடுப்பதால் மரத்துப்போவது பாதத்தில்தான் ஆரம்பிக்கும். செருப்பு நழுவியது தெரியாமல் நடப்பார்கள், சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுட்டது தெரியாது. காய்ப்புக்கு அடியில் புண் வைத்திருக்கும், வலி இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். சிலர் அந்தக் காய்ப்பை பிளேடால் சீவிவிட்டு வருவார்கள். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது, விரலில் தொடங்கி மேலே ஏறும்.

இதை முன்கூட்டியே பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் விரலால் ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. ஆறில் இரண்டு இடம் தெரியவில்லை என்றாலே உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய முறை இது. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். அப்படியே விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள். சால்வைக்கும் பிளக்ஸ் பேனருக்கும் ஆகிற செலவில், மரத்துப்போன கால்காரர்களுக்குப் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கிக் கொடுக்கலாம்.

கண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. கண்புரை முகாம் தனியே, சர்க்கரை முகாம் தனியே நடத்துகிறீர்களே, இரண்டையும் சேர்த்துவிடுங்கள். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை நன்றாகத்தான் இருக்கும். மங்கிய பிறகு வந்தால், போனதை முழுதாக மீட்பது கடினம். வருடம் ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால் லேசர் வைக்கிற கட்டத்திலேயே பிடித்துவிடலாம்.

அப்புறம் சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறுவதற்குள் பாதி வேலை கெட்டிருக்கும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்ற பரிசோதனைதான் முந்திச் சொல்லும், அதற்கு ஒரு லேப்காரரைப் பிடியுங்கள். பிரஷரும் பாருங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை பற்றி எல்லோரிடமும் விசாரியுங்கள், சிறுநீரகத்துக்கு அதுவும் ஒரு எமன்.

வந்தவர்களுக்குச் சர்க்கரை போட்ட டீயும் கிரீம் பிஸ்கட்டும் கொடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பிரச்சினை உள்ளவர்கள் பெயரைத் தனி நோட்டில் எழுதி, அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் வேன் வையுங்கள். சீட்டை மட்டும் கொடுத்தால் பாதிப்பேர் போக மாட்டார்கள். அடுத்த முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, "சர்க்கரை உள்ளவர்கள் பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளுடன் வரவும், காலும் பார்க்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்